ஆய்வு முறையியல் பாடநெறி: மாணவர் பின்னூட்டலை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கண்டிக்கு அருகே, வார இறுதியில் நடைபெறும் முதுமாணிப் பாடநெறியொன்றில் ஆய்வு முறையியலும் புள்ளிவிபரவியலும் கற்பித்து வருகிறேன். மாணவர்களில் பெரும்பாலானோர் ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கத்துப் பாடசாலைகளின் ஆசிரியர்கள். அரச அலுவலர்களும் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர்களும் சிலர் இருப்பார்கள். தவணை முடிவில் பின்னூட்டல் படிவக் கட்டு கைக்கு வரும். தொடக்க ஆண்டுகளில் படிவம் சொன்னதை அப்படியே செய்தேன். "வேகம் அதிகம்" என்று எழுதியிருந்தார்கள், வேகத்தைக் குறைத்தேன். அடுத்த தவணையிலும் அதே முறைப்பாடு வந்தது. கூடவே "பாடத்திட்டம் முடியவில்லை" என்பதும் சேர்ந்துகொண்டது. மாணவர் எழுதுவது நோவை மட்டுமே, அந்த நோவுக்கு இரண்டு மூன்று காரணங்கள் இருக்கலாம், அவற்றுள் எது என்று பிரித்தறியும் சோதனை ஒன்றைச் செய்யாமல் பாடநெறியில் கை வைக்கக்கூடாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கீழே உள்ளவை அந்தப் பிரித்தறியும் சோதனைகள். இதே பாடத்தைக் கற்பிக்கும் சக விரிவுரையாளர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்குமுன் மூன்று பொருட்களை மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும்: அலுவலகம் சராசரி எடுத்து அனுப்பும் ஒற்றைத் தாள் அல்லாமல் தனித்தனிப் படிவங்கள், வரவுப் பதிவேடு, பரீட்சையில் வினாவாரியாகக் கிடைத்த புள்ளிகள். இவை மூன்றும் இல்லையென்றால் கீழே சொல்லப்படும் எதையும் செய்து பார்க்க முடியாது.

அறிகுறி: படிவங்கள் வெறுமையாக வருகின்றன, அல்லது "நல்லம்" என்ற ஒற்றைச் சொல்லோடு வருகின்றன

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு படிவங்களைக் கட்டி அலுமாரியில் வைப்பது வழக்கம். அவ்வாறு செய்யாமல், எழுத்துப் பகுதியை விட்டுவிட்டு, 1 முதல் 5 வரை குறியிடும் இலக்கப் பகுதியை முதலில் பார்க்க வேண்டும். ஒருவர் எல்லா வினாக்களுக்கும் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் 5 என்று குறியிட்டிருந்தால், அவர் வினாக்களை வாசிக்கவில்லை, அல்லது வாசித்தும் உண்மையைச் சொல்ல அஞ்சியிருக்கிறார். இலக்கங்கள் வினாவுக்கு வினா மாறியிருந்தும் எழுத்துப் பகுதி மட்டும் வெறுமையாக இருந்தால், அவருக்குச் சொல்ல விடயம் இருந்திருக்கிறது, சொல்ல மொழிதான் வரவில்லை.

அச்சத்துக்கு நியாயமான காரணம் உண்டு. 22 பேர் உள்ள வகுப்பில் பெயர் எழுதாத படிவம் என்பது பெயரளவில்தான். ஒப்படைகளைத் திருத்தித் திருத்தி ஒவ்வொருவரின் கையெழுத்தும் எனக்குப் பழகிவிட்டது. அது அவர்களுக்கும் தெரியும். பரீட்சைப் புள்ளிகள் வெளிவராத நிலையில், விரிவுரையாளரே படிவத்தைக் கொடுத்து, விரிவுரையாளரே சேகரிக்கும்போது, ஒரு பாடசாலை ஆசிரியர் வேறு என்ன எழுதுவார்? படிவங்களை வேறொருவர் சேகரித்து உறையில் இட்டு ஒட்டி, புள்ளிகளைக் கையளித்த பின்னரே எனக்குத் தருமாறு ஏற்பாடு செய்தேன். மொழிக்கான திருத்தம் இன்னும் எளிது. படிவத்தின் தலைப்பில் "தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்" என்ற ஒரு வரியை மூன்று மொழிகளிலும் அச்சிட்டோம். "பாடநெறி பற்றிய கருத்துகள்" என்ற பரந்த வெளியை எடுத்துவிட்டு, "எந்த வாரத்தில், எந்த இடத்தில் வழி தவறியது?" என்று கேட்டோம். முன்னைய ஆண்டுகளில் இரண்டு சொற்களைத் தாண்டாத இடத்தில் அந்த ஆண்டு ஒருவர் அரைப் பக்கம் தமிழில் எழுதியிருந்தார்; இடம் போதாமல் தாளின் பின்புறத்திலும் எழுதியிருந்தார்.

அறிகுறி: சராசரி 3க்கு அருகே நிற்கிறது

நடுத்தரமான பாடநெறி என்று முடிவு செய்யுமுன் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஓர் ஆண்டு எனக்குக் கிடைத்த 18 படிவங்களில், "விளக்கம் தெளிவாக இருந்தது" என்ற வினாவுக்கு 5 என்று ஐவரும், 4 என்று நால்வரும், 3 என்று ஒருவரும், 2 என்று மூவரும், 1 என்று ஐவரும் குறித்திருந்தனர். கூட்டினால் 55, இடை (சராசரி) 3.06. ஆனால் நடுத்தரம் என்று சொன்னவர் 18 பேரில் ஒரேயொருவர்தான். அது ஒரே வகுப்பு அன்று, ஒரு கூரையின் கீழ் இருந்த இரண்டு வகுப்புகள். லிக்கேட் 1932இல் அறிமுகப்படுத்திய இந்த அளவுகோலில் கிடைப்பவை வரிசைத் தரவுகள் (முன்பின் வரிசை மட்டும் தெரிந்தவை) என்றும், பரம்பலைப் பார்க்காமல் இடையை மட்டும் அறிக்கையிடலாகாது என்றும் வகுப்பில் சொல்லிவிட்டு, நம்முடைய படிவத்துக்கு மட்டும் இடையை எடுத்துக்கொண்டு திருப்திப்படுவது நமக்கு அழகில்லை.

இரண்டு குழுக்கள் தெரிந்தால், அவற்றைப் பிரிக்கும் மாறி எது என்று தேட வேண்டும். என் வகுப்பில் அது உயர்தரத்தில் படித்த பிரிவு. கணிதம், விஞ்ஞானம், வர்த்தகம் படித்தவர்கள் ஒரு பக்கம், கலைப்பிரிவினர் மறுபக்கம். படிவத்தின் முதல் வரியில் அந்த ஒரு வினாவைச் சேர்த்தாலே போதும். ஆனால் மிகச் சிறிய வகுப்பில் அதுவே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், 15 பேருக்குக் குறைவாக இருந்தால் அதைக் கேட்காமல் விடுகிறேன்.

அறிகுறி: "கணக்கு விளங்கவில்லை", "வேகம் அதிகம்"

அதிகமாக வரும் முறைப்பாடும் இதுதான், தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். என் அனுபவத்தில் இதன் அடியில் குறைந்தது மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன, ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றதற்குப் பொருந்தாது.

முதலாவது, உண்மையாகவே கணிதத் தயக்கம். பின்னத்தைத் தசமமாக்குவது, வர்க்கமூலம், சமனிலி போன்றவை மறந்திருக்கும். முதல் வகுப்பில் பத்து நிமிடத்தில், புள்ளி வழங்காத ஐந்து கணக்குகளைக் கொடுத்தால் இது வெளிப்படும். 0.05 பெரிதா, 0.014 பெரிதா என்ற கேள்வியையும் அதில் சேர்ப்பேன். அதில் தவறுகிறவர் பி-மதிப்பை (கிடைத்த முடிவோ அதைவிட மிஞ்சியதோ தற்செயலாகவே வாய்ப்பதற்கான நிகழ்தகவை) வாசிக்கும்போது தவறாமல் இருக்க முடியாது.

இரண்டாவது கோளாறு, கணிதம் போலத் தோன்றும் சொல் குழப்பம். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. மாணவரோ பாடசாலையில் இடை, இடையம், ஆகாரம், நியம விலகல் என்று படித்தவர். வீட்டில் விளக்கத்துக்காகப் புரட்டுவது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் புத்தகம் அல்லது தமிழ்நாட்டு யூடியூப் காணொளி. அங்கே இவையே கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்ட விலக்கம் ஆகிவிடுகின்றன. நியம விலகலும் திட்ட விலக்கமும் ஒன்றே என்பதைக் கொஞ்சம் யோசித்தால் கண்டுகொள்ளலாம். ஆனால் "இடைநிலை" என்ற சொல்லைக் கண்டதும் நம் மாணவர் மனத்தில் எழுவது "இடை". நம்முடைய இடை என்பது கூட்டி வகுப்பது. அவர்களுடைய இடைநிலை என்பது வரிசைப்படுத்தி நடுவில் நிற்பது. ஒரு மாணவி, மூன்று வாரமாகத் தன் குறிப்பேட்டில் இடையத்துக்கான விளக்கத்தை இடையின் கீழே எழுதி வைத்திருந்தார்; எழுத்து முத்து முத்தாக இருந்தது, கணக்கும் பிழையின்றிச் செய்யப்பட்டிருந்தது, விடை மட்டும் எப்போதும் பொருந்தவில்லை. அவர் படிவத்தில் எழுதியது "எனக்குக் கணக்கு வராது" என்பதுதான்.

இதைக் கண்டுபிடிக்க, ஒரே கணக்கை இரண்டு விதமாகக் கேட்க வேண்டும்: ஒருமுறை ஆங்கிலக் கலைச்சொல்லைக் கொண்டு, மறுமுறை சொல்லே இல்லாமல், "இந்த ஏழு எண்களையும் ஏறுவரிசைப்படுத்தி நான்காவதை எழுதுக" என்று. இரண்டாவது சரியாகவும் முதலாவது பிழையாகவும் வந்தால், வேகத்தைக் குறைத்துப் பயனில்லை. ஆங்கிலம், இலங்கைத் தமிழ், தமிழ்நாட்டுத் தமிழ், சிங்களம் என்று நான்கு நிரல்கள் கொண்ட ஒற்றைத் தாள் சொற்பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு வாரமும் கையில் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். நான் செய்த திருத்தங்களிலேயே செலவு குறைந்ததும் பலன் கூடியதும் இந்தத் தாள்தான்.

மூன்றாவதை வரவுப் பதிவேடு சொல்லும். முறைப்பாடு செய்தவர் "வழி தவறிய" வாரமாகக் குறித்திருப்பது, பெரும்பாலும் அவர் வராத வாரத்துக்கு அடுத்த வாரமாகவே இருக்கும். மழைக்காலத்தில் மண்சரிவினால் பாதை மூடப்படும் நாட்களும், பாடசாலையில் தவணைப் பரீட்சை நடக்கும் வாரங்களும் ஆண்டுதோறும் வருபவை. அந்த வாரங்களில் கருதுகோள் சோதனை போன்ற அடித்தளப் பாடம் விழாதபடி அட்டவணையை மாற்றி அமைத்தால், "வேகம்" தானாகவே குறைந்துவிடும்.

அறிகுறி: "உதாரணங்கள் எங்களுக்குப் பொருந்தவில்லை"

பாடப்புத்தகத்து உதாரணங்களைத் தோட்டப்புற உதாரணங்களாக மாற்றினால் போதும் என்று நினைத்து, ஊர்ப்பெயர்களை மட்டும் மாற்றி ஏமாந்திருக்கிறேன். ஊர்ப்பெயர் மாறினாலும், மாணவருக்குத் தெரிந்த ஒன்று கணக்கில் பயன்படவில்லை என்றால் அது வெளிநாட்டு உதாரணமாகவே இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புள்ளிவிபரவியலின் மிகப் பிரசித்தமான உதாரணமே தேநீரைப் பற்றியது. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்ல முடியும் என்ற ஒரு பெண்மணியின் கூற்றை எட்டுக் கோப்பைகளால் சோதிக்கும் பரிசோதனையை, ரொனால்ட் பிஷர் 1935இல் வெளியான தம் நூலில் விவரிக்கிறார். பால் எங்களுக்குப் பொருந்தாது என்று மாணவர்கள் சிரித்ததால், வெறுந்தேத்தண்ணியில் சீனியை முதலில் போட்டதா பின்னர் போட்டதா என்று மாற்றி வகுப்பிலேயே செய்தோம். எட்டுக் கோப்பைகளில் நான்கில் சீனி முதலில்; அந்த நான்கும் எவை என்று சொல்ல வேண்டும். எட்டில் நான்கைத் தெரிவு செய்ய 70 வழிகள் உண்டு. நான்கையும் குருட்டுவாக்கில் சரியாகச் சொல்வதற்கான நிகழ்தகவு 70இல் 1, அதாவது சுமார் 0.014. முன்வந்த மாணவர் நான்கில் மூன்றைச் சரியாகச் சொல்லிவிட்டு வெற்றிப் புன்னகையோடு அமர்ந்தார். மூன்றோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கான வழிகள் 17. 17ஐ 70ஆல் வகுத்தால் சுமார் 0.24. நான்கு முறைக்கு ஒருமுறை யாருக்கும் தற்செயலாக வாய்க்கக்கூடியது அது என்று பலகையில் எழுதியபோது, பி-மதிப்பு என்றால் என்ன என்று நான் அதன்பின் அந்த வகுப்பில் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அறிகுறி: "வகுப்பில் விளங்கியது, ஆய்வேட்டில் எந்தச் சோதனை என்று தெரியவில்லை"

இரண்டு குழுக்களின் இடைகளை ஒப்பிடும் ரி-சோதனையின் வாரத்தில் ரி-சோதனைக் கணக்குகள், வகைகளின் எண்ணிக்கைகளை ஒப்பிடும் கைவர்க்கச் சோதனையின் வாரத்தில் கைவர்க்கக் கணக்குகள் என்று கொடுத்தால், எந்தச் சோதனை என்ற தீர்மானத்தை மாணவர் ஒருமுறைகூட எடுத்திருக்க மாட்டார். வாரத்தின் தலைப்பே அவருக்காக எடுத்துவிட்டிருக்கும். பரீட்சையில் சோதனையின் பெயர் தரப்பட்ட வினாக்களில் புள்ளி கூடவும், பெயர் தரப்படாத வினாக்களில் குறையவும் கண்டால் கோளாறு இதுவே. பாதித் தவணைக்குப் பின் எல்லா ஒப்படைகளையும் கலந்து கொடுக்க வேண்டும். கலந்து கொடுத்தால் புள்ளிகள் முதலில் சரியும், முறைப்பாடும் கூடும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஹாவர்டில் பௌதிகவியல் மாணவர்களிடம் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், தாமே முயன்று கற்ற வகுப்பினர் உண்மையில் அதிகம் கற்றிருந்தும், விரிவுரையைக் கேட்டிருந்தவர்களைவிடக் குறைவாகவே கற்றதாக உணர்ந்தனர்.

எந்தச் சோதனை என்று தீர்மானிக்கப் பழக்குவதற்கு நான் வைத்திருக்கும் நிரந்தரக் கணக்கு "பேர்", அதாவது தோட்டத்தின் நாட்சம்பளப் பதிவு. தோட்டத்தில் நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து கொய்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நிர்ணயம் 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி பெற்ற பெண்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட வேண்டும். செக்ரோலில் (தோட்டத்தின் வரவு, சம்பளப் பதிவேட்டில்) இருந்து பேரை மட்டும் எடுத்தால், உங்களிடம் இருப்பது இரண்டு வகைகள் கொண்ட மாறி. கைவர்க்கச் சோதனையின் பக்கம் போக வேண்டும். கிலோவை எடுத்தால் அளவு மாறி, ரி-சோதனை சாத்தியம். ஆனால் பேரை எடுத்த கணத்திலேயே, 17 கிலோ கொய்தவரும் 6 கிலோ கொய்தவரும் ஒருவராகிவிட்டார்கள். 19 கிலோ கொய்தவரும் 35 கிலோ கொய்தவரும் ஒருவராகிவிட்டார்கள். தொடர்மாறியை இரண்டாக வெட்டினால் தகவல் எவ்வாறு இழக்கப்படுகிறது என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மாணவருக்கு நான் விளக்குவதைவிட அவர் எனக்கு விளக்குவார், ஏனெனில் அந்த ஒரு கிலோவின் வருத்தத்தை அவர் தம் தாயின் சம்பளத்தில் பார்த்திருக்கிறார். அடுத்த கேள்வி: 60 பெண்கள், 24 நாட்கள், தரவுத்தாளில் 1,440 வரிகள், மாதிரியின் பருமன் எவ்வளவு? 1,440 என்று சொல்பவர்கள், ஒரே ஆளின் நாட்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல என்பதைக் கண்டுபிடிக்கும்வரை அந்தக் கணக்கை விட்டு நகர்வதில்லை.

அறிகுறி: "மென்பொருள் வேலை செய்யவில்லை"

நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளின் பரீட்சார்த்தப் பதிப்பு தவணையின் நடுவில் காலாவதியாகிவிடும். முதல் வாரத்திலிருந்தே இலவசமான ஜமோவி, ஜாஸ்ப் அல்லது ஆர் என்பவற்றுள் ஒன்றைப் பயன்படுத்துங்கள். தமிழில் நிரப்பிய கூகுள் படிவத்தின் விடைகள் எக்செலில் கோணல்மாணலான குறிகளாகத் தெரிந்தால், கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்காமல், எக்செலின் தரவு இறக்குமதி வழியாக யூரிஎப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தெரிவுசெய்து திறக்க வேண்டும். விண்டோஸில் ஆர் தமிழைச் சிதைத்தால், 2022இல் வந்த 4.2 பதிப்புக்கு முந்தியதா என்று பாருங்கள்.

அறிகுறி: "மேற்பார்வையாளர் மாதிரியில் 384 பேர் வேண்டும் என்கிறார், நீங்கள் வேறு சொல்கிறீர்கள்"

இதை எழுதும் மாணவர் உங்களைக் குறைசொல்லவில்லை. இரண்டு பெரியவர்களுக்கு இடையில் அகப்பட்டுத் தவிக்கிறார். மேற்பார்வையாளருடன் வாதிடாமல், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பலகையில் பிரித்துக் காட்டுவதே திருத்தம். கிரெஜ்சியும் மோர்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையில், குடித்தொகை 100 என்றால் மாதிரி 80, பத்து இலட்சம் என்றால் 384. 95 சதவீத நம்பிக்கை மட்டம், 5 சதவீத வழு எல்லை, விகிதம் பாதிக்குப் பாதி என்று எடுத்தால் 1.96 × 1.96 × 0.25 ÷ 0.0025 = 384.16. அதாவது அந்த எண், எளிய எழுமாற்று மாதிரி (எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்துக் குலுக்கி எடுக்கும் மாதிரி) ஒன்றைக் கொண்டு ஒரு விகிதத்தை மதிப்பிடுவதற்கு உரியது. இரண்டு குழுக்களை ஒப்பிடுவதற்கோ, ஒரு மாறியைக் கொண்டு இன்னொன்றை மதிப்பிடும் பிற்செலவுப் பகுப்பாய்வுக்கோ அது உரியதன்று.

நம் மாணவர்கள் எடுப்பது எளிய எழுமாற்று மாதிரியும் அன்று. 20 தோட்டங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் 20 வீடுகளுக்குப் போகிறார்கள். ஒரே லயத்தில் (தோட்டத்துத் தொடர்வீட்டில்) அடுத்தடுத்த காம்பிராக்களில் வசிப்போரின் தண்ணீர் வசதியையும் பிள்ளைகளின் பாடசாலையையும் கேட்டால், பதில்கள் ஒன்றுபோலத்தானே இருக்கும்? அந்த ஒற்றுமையின் அளவு, அதாவது கொத்தகத் தொடர்பு, 0.05 என்று வைத்தால், வடிவமைப்பு விளைவு (மாதிரியின் பயன் எத்தனை மடங்கு குறைகிறது என்ற எண்) 1 + 19 × 0.05 = 1.95, 400 வீடுகளுக்குப் போனாலும் கையில் கிடைப்பது சுமார் 205 வீடுகளின் தகவல்தான். 384ஐத் தாண்டிவிட்டோம் என்ற நிம்மதி அங்கே முடிந்துவிடும். குடித்தொகை எது என்பதையும் அதே வகுப்பில் கேட்டுவிடுவது நல்லது. தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் பெருந்தோட்டத் துறை என்று கணக்கிடுவது, 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்பும், 10 பேரோ அதற்கு மேலோ குடியிருக்கும் தொழிலாளரும் உள்ள தோட்டங்களை. "தோட்டத் தொழிலாளர்" என்று தலைப்பில் எழுதிவிட்டு அத்துறையின் புள்ளிவிபரத்தை மேற்கோள் காட்டும் மாணவர், லயத்தில் குடியிருந்து நகரத்துக் கடையில் வேலை செய்பவரையும் தம் குடித்தொகையில் சேர்த்துவிட்டிருப்பார்.

அறிகுறி: மதிப்பீடு கடந்த ஆண்டைவிட 0.3 குறைந்துவிட்டது

துறைத் தலைவர் விளக்கம் கேட்கும்போது பதற வேண்டாம். 22 பேரில் 14 பேர் விடையளித்து நியம விலகல் 1 ஆக இருந்தால், நியம வழு (இடை மாதிரிக்கு மாதிரி எவ்வளவு மாறக்கூடும் என்ற அளவு) 0.27. அத்தகைய இரண்டு ஆண்டுகளின் வித்தியாசத்துக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி இரு பக்கமும் சுமார் 0.8 வரை விரியும், 0.3 அதற்குள் அடங்கிவிடுகிறது. வகுப்பே சிறியது என்பதால் முடிவுள்ள குடித்தொகைக்கான திருத்தம் செய்து இதைச் சுருக்கலாம் என்று புத்திசாலி மாணவர் ஒருவர் சொல்லக்கூடும். அது விடையளிக்காத எண்மரும் விடையளித்தவர்களைப் போன்றவர்களே என்றால்தான் செல்லும், அவர்கள் அப்படியா என்பதுதான் நமக்கு வேண்டிய விடை. வரவுப் பதிவேட்டில் அந்த எண்மரைத் தேடுங்கள். இடையில் நின்றவர்கள் படிவத்தை நிரப்புவதில்லை.

விரிவுரையாளர் பெண்ணாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2015இல் வெளியான சிறியதோர் இணையவழிப் பரிசோதனையில், 43 மாணவர்கள் பங்குபற்றினர். அதே ஆசிரியருக்கு ஆண் பெயர் சூட்டப்பட்டபோது மதிப்பீடு உயர்ந்தது. 43 என்பதும் சிறிய எண்தான், ஆகையால் இதைத் தீர்ப்பாக அல்லாமல் எச்சரிக்கையாகக் கொள்கிறேன்.

அறிகுறி: "எழுதி என்ன பயன்? போன வருடமும் இதைத்தான் எழுதினார்கள்"

இது வந்தால், மற்ற அறிகுறிகளை நீங்கள் சரியாகக் கையாண்டிருந்தாலும் அதை யாருக்கும் சொல்லவில்லை என்று பொருள். முதல் வகுப்பில், முந்திய அணியினர் எழுதியவற்றை அவர்களின் சொற்களிலேயே ஒரு பக்கத்தில் அச்சிட்டு வாசிக்கிறேன்: எது மாறியது, எது மாறவில்லை, மாறாததற்குக் காரணம் என்ன. காலை எட்டு மணித் தொடக்கத்தை ஒன்பதாக்குமாறு பதுளைப் பக்கத்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். மண்டபம் பிற்பகலில் வேறு வகுப்புக்கு உரியது என்பதால் என்னால் முடியவில்லை என்பதையும் அதே தாளில் எழுதியிருக்கிறேன். ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் புதிய பாடம் எதையும் தொடங்காமல், கடந்த வாரத்துக் கணக்குகளை மட்டும் செய்கிறோம்.